வீட்டு நூலகத்துக்கு கல்சிற்பம் செஞ்சு வாங்கறது எப்படி: அலமாரி அளவுல இருந்து பராமரிப்பு வரைக்கும் முழுமையான வழிகாட்டி

வீட்டுல தனியா ஒரு ரூமோ, இல்ல ஹால்ல ஒரு சுவர் முழுக்கவோ புத்தக அலமாரி வெச்சிருக்கறவங்களுக்கு கொஞ்ச நாள்ல அதுக்கு நடுவுல கல்லுல ஏதாவது வைக்கணும்னு ஆசை வந்துடும். அப்ப பெரும்பாலும் என்ன நடக்குதுன்னா, மாமல்லபுரம் போறப்ப ஐந்து ரதம் போற ரோட்டோரக் கடையில கண்ணுக்குப் பிடிச்ச ஒரு பிள்ளையாரையோ புத்தரையோ வாங்கிட்டு வந்து, புத்தகத்தை ரெண்டு பக்கமும் ஒதுக்கிட்டு நடுவுல சொருகி வெச்சிடறோம். சிலை நல்லாத்தான் இருக்கும், ஆனா அந்த அலமாரியோட ஒட்டாது, புத்தகம் எடுக்கறப்ப எல்லாம் கை இடிக்கும், கொஞ்ச நாள்ல டிவி ஸ்டாண்டுக்கு இடம் மாறிடும்.

நான் சொல்லப் போற வழி அப்படியே தலைகீழ். முதல்ல அலமாரி, அப்புறம் புத்தகம், அதுக்கப்புறம்தான் கல்லு, கடைசியாத்தான் உருவம். நூலகத்துக்கு கல்லுகிட்ட இருக்கற ரொம்ப உபயோகமான குணம் அதோட எடை. அந்த எடைக்கு ஒரு வேலை குடுத்துட்டீங்கன்னா, அதாவது புத்தக வரிசை சாயாம தாங்கிப் பிடிக்கறது, தடிமனான அகராதியைத் திறந்த நிலையில ஏந்தறது, பக்கம் பறக்காம அழுத்தி வைக்கறது மாதிரி, அப்புறம் அது பொருந்துமா பொருந்தாதான்னு கேள்வியே வராது. அதோட நம்ம ஊர் ஈரத்துக்கு மரத்துல கரையான் வரும், இரும்பு துருப்பிடிச்சு புத்தக ஓரத்துல கறை விடும், கல்லுக்கு ரெண்டு தொல்லையும் கிடையாது.

முதல் வேலை: டேப் எடுத்து அலமாரியை அளக்கறது

சிற்பியைத் தேடறதுக்கு முன்னாடி நாலு அளவு எழுதி வெச்சுக்கோங்க. தட்டுக்குத் தட்டு உள் உயரம், தட்டோட ஆழம், பலகையோட தடிமன், ஒரு நெட்டுப் பலகையில இருந்து அடுத்த நெட்டுப் பலகை வரைக்கும் இருக்கற தூரம். இதுல கடைசி ரெண்டும்தான் முக்கியம், ஏன்னா அதுதான் எவ்வளவு எடை தாங்கும்ங்கறதை முடிவு பண்ணுது. 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டுல முக்கால் மீட்டருக்கு மேல இடைவெளி விட்டு தட்டு போட்டிருந்தாங்கன்னா வெறும் புத்தகத்துக்கே நடுவுல தொங்க ஆரம்பிச்சிடும், அதுக்கு மேல கல்லை வைக்கவே வைக்காதீங்க. பிளைவுட்டோ தேக்கோ இருந்தா கொஞ்சம் தாராளமா இருக்கலாம். எதுவா இருந்தாலும் கல்லோட இடம் நெட்டுப் பலகையை ஒட்டித்தான், தட்டோட நடு மையத்துல கிடையாது.

எடையை முன்கூட்டியே கணக்குப் போடறது ரொம்ப சுலபம். நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி, கருங்கல்லுன்னா 2.7ஆல பெருக்கி, 1000ஆல வகுத்தா கிலோ வந்துடும். 15 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம் உள்ள கட்டைக்கல்லு கிட்டத்தட்ட 4.9 கிலோ. அதுல உருவம் செதுக்கினப்புறம் மூணுல ஒரு பங்கு போயிடும்னு வெச்சுக்கிட்டா மூணேகால் கிலோ நிக்கும், ஒரு புத்தகத் தாங்கிக்கு இது நல்ல எடை. சும்மா குத்துமதிப்பா ஆறு இஞ்சு சிலைன்னு ஆர்டர் குடுக்கறதுக்கும் இந்தக் கணக்கோட போறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு, சிற்பியும் உங்களை வேற மாதிரி பார்ப்பார்.

மாடி வீடா இருந்து பெரிய சிலையா தரையில வைக்கப் போறீங்கன்னா, குடியிருப்புக் கட்டடத்துக்கு இந்தியத் தரக் குறியீட்டுல ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவு பாரம்னு எடுத்துத்தான் தளத்தை டிசைன் பண்ணியிருப்பாங்க. அதனால நூறு கிலோ சிலையை ரூம் நடுவுல நிறுத்தாம, சுவரோரமா, பீம் போற இடத்துல, அகலமான பீடத்து மேல வைங்க. பக்கத்துலயே புத்தக அலமாரியோட பாரமும் அதே தளத்து மேலதான் இருக்குங்கறதை மறந்துடாதீங்க. அதுக்கு மேல எடைன்னா இன்ஜினியர் ஒருத்தர்கிட்ட கேட்டுட்டு செய்யறதுதான் சரி.

என்ன செய்யலாம்

முதல் தடவை செய்யறவங்க புத்தகத் தாங்கி ஒரு ஜோடி செய்யுங்கன்னுதான் சொல்லுவேன். செலவு அளவா இருக்கும், தினமும் கையில படும், பிடிக்கலைன்னா இடம் மாத்தறதும் சுலபம்.

தாங்கியோட சூத்திரம் இதுதான். புத்தக வரிசை சாயறப்ப அது தாங்கியோட மேல்பக்கத்தைத் தள்ளும். தாங்கி உயரமா ஒல்லியா இருந்தா குப்புற விழும், அடி வழுக்கலா இருந்தா நகர்ந்து போகும். அதனால உயரம் புத்தக உயரத்துல பாதிக்குக் குறையாம, முடிஞ்சா மூணுல ரெண்டு பங்கு இருக்கணும். டெம்மி அளவு நாவல் ஏறக்குறைய 21.5 செ.மீ. உயரம், அதுக்கு 12லிருந்து 14 செ.மீ. தாங்கி போதும். வரிசை ஓடற திசையில அடியோட நீளம் தாங்கியோட உயரத்துக்கு சமமாவே இருந்தா ரொம்ப நல்லது. இதனாலதான் நின்ன கோலச் சிலையை விட உட்கார்ந்த உருவம் தாங்கிக்குப் பொருந்தும். கடையில இரும்புல விக்கற எல் வடிவத் தாங்கி மாதிரியே கல்லுல கேக்காதீங்க, கல்லு அழுத்தத்தைத் தாங்குமே தவிர வளைவைத் தாங்காது, அந்த உள்மூலையிலதான் முதல்ல விரிசல் விடும். புத்தகத்துக்கு அடியில போற நாக்கு வேணும்னா கல்லோட அடியில 2 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு எபாக்சி போட்டு ஒட்டிக்கலாம், அப்படிச் செஞ்சா புத்தகத்தோட எடையே தாங்கியைப் பிடிச்சுக்கும், கல்லு சின்னதா இருந்தாலும் நிக்கும்.

புத்தகம் தொடற பக்கம் மட்டமா, வழுவழுன்னு இருக்கணும், ஓரம் எல்லாம் லேசா மழுங்க தேய்ச்சிருக்கணும். உளி கொத்தின சொரசொரப்பு அட்டையை அரம் மாதிரி ராவிடும்.

அடுத்தது சாய்வுப் பீடம். அகராதி, பெரிய ஓவியப் புத்தகம் எல்லாம் திறந்து வைக்க வியாசபீடம் மரத்துல பார்த்திருப்பீங்க. கல்லுல அதை மடக்க முடியாதுங்கறதால ஒரே சாய்வுப் பலகையா, கீழ விளிம்போட செய்யணும். இது மேஜை மேல நிரந்தரமா உக்காந்துக்கற பொருள்.

சுவர்ல மாட்டற புடைப்புச் சிற்பப் பலகை அழகுக்கு அழகு, ஆனா எடையைப் பாருங்க: 60க்கு 45 செ.மீ. பலகை 4 செ.மீ. தடிமன்ல 29 கிலோ. ஏஏசி பிளாக் (லேசான காத்தடைச்ச கான்கிரீட் கல்லு), ஹாலோ பிளாக் சுவர்னா சாதாரண பிளாஸ்டிக் பிளக் போட்டு ஸ்க்ரூ அடிச்சு மாட்டறது ஆபத்து. கீழ இருந்து தாங்கற மாதிரி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆங்கிள் குடுத்து, மேல சாயாம இருக்க மட்டும் பிடி போடணும். சாதாரண இரும்பு வேண்டாம், துரு கல்லுல இறங்கினா போகாது.

பேப்பர் வெயிட்டுக்கு தனியா எதுவும் செதுக்கக்கூடத் தேவையில்லை. பாட்டி வீட்டு அம்மிக்குழவி சும்மா கிடந்தா நல்லா கழுவி வெயில்ல காய வெச்சு எடுத்துக்கோங்க, எத்தனையோ வருஷம் கை பட்டு வந்த வழுவழுப்பு எந்த பாலிஷ்லயும் வராது. பழைய கல்சட்டியை பேனா வைக்க எடுக்கறவங்க மட்டும் கவனமா இருங்க, மாக்கல்லு எண்ணெய் குடிச்சிருக்கும், பேப்பர் மேல வெச்சா கறை விடும், அடியில கார்க் தட்டு அவசியம்.

கல்லு: இங்க அவசரப்படாதீங்க

எந்தக் கல்லு நல்ல கல்லுன்னு நிறைய பேர் கேக்கறாங்க. எவ்வளவு சின்ன வேலை செய்யப் போறோம்ங்கறதைச் சொன்னாத்தான் அதுக்கு பதில் சொல்ல முடியும். கருங்கல்லுங்கறது குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைக்கா மாதிரி தாதுக்களோட மணிகள் சேர்ந்தது. மணி பெருசா இருந்தா அதைவிடச் சின்ன வேலை அந்தக் கல்லுல நிக்காது, உளி பட்டதும் மணி மொத்தமா பேந்து வந்துடும். பெருமணிக் கருங்கல்லுல ரெண்டு இஞ்சு முகத்தைச் செதுக்கினா கண்ணு, உதடு எல்லாம் அம்மை வடு மாதிரி தெரியும், அதே கல்லுல ரெண்டு அடி முகம் அற்புதமா வரும். சிற்பியோட திறமையில குறையே இருக்காது, கல்லைத் தேர்ந்தெடுத்ததுதான் தப்பா இருக்கும்.

அதனால ஆறு இஞ்சுக்குள்ள நுணுக்கமான உருவம் வேணும்னா நுண்மணிக் கல்லு கேளுங்க. விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் பக்கம் கிடைக்கற கருப்பு கிரானைட் அந்த வகை. வியாபாரத்துல கிரானைட்னு சொன்னாலும் இந்த மாதிரி கருப்புக் கல்லு எல்லாம் புவியியல்படி பெரும்பாலும் டோலரைட் இல்ல கேப்ரோ, மணி பொடியா இருக்கும், எடையும் கூடுதல், கணக்குல 2.7க்கு பதிலா 3 போடணும். இந்தக் கல்லுல ஒரு விசேஷம் இருக்கு, பாலிஷ் போட்ட பக்கம் கன்னங்கரேல்னு இருக்கும், உளி பட்ட இடம் வெளிர் சாம்பலா நிக்கும். எழுத்து வெட்டினா பெயின்ட்டே வேண்டாம், அதுவா பளிச்சுனு தெரியும். நூலகத்துக்கு இதை விடப் பொருத்தமான கல்லு எனக்குத் தெரியல.

மாமல்லபுரத்துல வழக்கமா பாக்கற வெளிர் சாம்பல் கருங்கல்லு பெரிய உருவத்துக்கும், வழவழப்பான எளிமையான வடிவத்துக்கும் நல்லது. மாக்கல்லு நகத்தால கீறினாலே கோடு விழற அளவுக்கு மிருது, அதுல நகை வேலை மாதிரி நுணுக்கம் வரும், ஆனா புத்தகம் உரச உரச முனை மழுங்கும், கீழ விழுந்தா போச்சு. அது கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள்ள வைக்கத்தான். பளிங்கு, மக்ரானாவுல இருந்து வந்த நல்ல பளிங்காவே இருந்தாலும், அடிப்படையில சுண்ணாம்பு, எலுமிச்சைச்சாறு ஒரு சொட்டு விழுந்தா அந்த இடத்துல பளபளப்பு போயிடும், காபி டம்ளரோட படிக்கற பழக்கம் இருக்கறவங்க வீட்டுக்கு நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

கல்லைத் தட்டிப் பாக்கறது ஸ்தபதிகளோட பழைய முறை. மணி மாதிரி கணீர்னு ஒலிச்சா ஆண் கல்லு, தாளம் மாதிரி ஒலிச்சா பெண் கல்லு, ஒலியே இல்லேன்னா அலிக்கல்லுன்னு பிரிச்சு, ஆண் தெய்வம், பெண் தெய்வம், பீடம்னு அததுக்கு ஒதுக்குவாங்க. நமக்கு இதுல நேரடியா ஒரு பயன் உண்டு, உள்ள விரிசல் இருக்கற கல்லு மொத்துனு சத்தம் போடும். இன்னொரு சோதனை, கல்லு மேல தண்ணி ஊத்தித் துடைச்சிட்டு அது காயறதைப் பாருங்க, எல்லா இடமும் காஞ்சப்புறமும் ஒரு கோடு மட்டும் கருப்பா ஈரமா நின்னுச்சுன்னா அங்க விரிசல் இருக்கு.

என்ன உருவம்

சரஸ்வதி, தட்சிணாமூர்த்தி, ஹயக்ரீவர், வள்ளுவர், இந்த நாலும்தான் நூலகம்னு சொன்னதும் எல்லாருக்கும் தோணும். நல்ல தேர்வுதான். ஆனா தெய்வ உருவத்தை தாங்கியா மாத்தி, அது முதுகுல புத்தகத்தைச் சாச்சு, தினமும் இழுத்து நகத்தறது சில வீடுகள்ல பெரியவங்களுக்கு மனசுக்கு ஒப்பாது, அதைக் கேட்டுட்டு செய்யுங்க. என்னைக் கேட்டா தெய்வ உருவத்துக்கு தனி மாடம் ஒண்ணு விட்டுட்டு, தாங்கிக்கு வேற உருவம் தேடுவேன்.

தேடணும்னா அதிக தூரம் போக வேண்டாம். மாமல்லபுரம் வராக மண்டபத்துல தூணோட அடியில உட்கார்ந்த சிம்மத்தைப் பாருங்க. தலைக்கு மேல தூணைத் தாங்கிக்கிட்டு, முதுகு நேரா நிமிர்ந்து, முன்னங்கால் ஊன்றி உக்காந்திருக்கும். பாரம் தாங்கறதுக்குன்னே பல்லவர் காலத்துல உருவான வடிவம் அது, முதுகுப் பக்கத்தை மட்டமா விட்டா அப்படியே புத்தகத் தாங்கி. புடைப்புப் பலகைக்கு, அதே ஊர்ல அர்ச்சுனன் தபசுன்னு சொல்ற பெரிய பாறைச் சிற்பத்துல அந்தத் தவம் பண்ற பூனையும் சுத்தி நிக்கற எலிகளும் இருக்கு, ரசிச்சுப் பாத்துக்கிட்டே இருக்கலாம், குழந்தைங்க இருக்கற வீட்டுல கேக்கவே வேண்டாம். அப்படியே காப்பியடிக்கச் சொல்லாம, போய் நின்னு போட்டோ எடுத்து, இந்த உட்காரும் தோரணை வேணும்னு சிற்பிகிட்ட காட்டுங்க.

எனக்கு எல்லாத்தையும் விடப் பிடிச்சது எழுத்துதான். தமிழ் எழுத்து நமக்கு முதல்ல கிடைச்சதுல பெரும் பங்கு கல்லு மேலதானே. மதுரை பக்கத்துல மாங்குளம் குகையில இருக்கற தமிழி (தமிழ் பிராமின்னும் சொல்லுவாங்க) எழுத்துக்கள் கிறிஸ்து பிறக்கறதுக்கு முன்னாடியே வெட்டினது, தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில 2006ல கிடைச்ச நடுகற்கள்லயும் தமிழி இருக்கு. அந்த எழுத்து பெரும்பாலும் நேர்கோடும் எளிய வளைவும்தான், 'க' வெறும் கூட்டல் குறி, உளிக்கு ரொம்ப இணக்கமா வரும். தாங்கி ஒண்ணுல தமிழியில உங்க வீட்டுப் பேரு, இன்னொண்ணுல அதுக்கப்புறம் வந்த வளைஞ்ச வடிவ வட்டெழுத்துல அதே பேருன்னு செஞ்சா ஒரே ஜோடியில ரெண்டு காலம் நிக்கும். எழுத்து வெட்டறதுக்கு முன்னாடி உண்மை அளவுல பேப்பர்ல எழுதி, உங்களைத் தவிர இன்னொருத்தர்கிட்ட குடுத்து புள்ளி, கொம்பு, கால் எல்லாம் எழுத்து எழுத்தா சரிபாருங்க. பேப்பர்ல என்ன இருக்கோ அதைத்தான் சிற்பி வெட்டுவார், கல்லுல அழிச்சு எழுத முடியாது. கருங்கல்லுல கோட்டோட அகலம் 3 மி.மீ.க்குக் குறைய வேண்டாம்.

இங்க ஒரு விஷயம் அழுத்திச் சொல்லணும். பழைய நடுகல்லு, கோயில் தூண் உடைசல், பழைய சிலை எதையும் யார் கொண்டு வந்து குடுத்தாலும் வாங்காதீங்க. 1972ம் வருஷத்து தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பம் தொல்பொருள் கணக்குல வரும், பதிவு இல்லாம வெச்சிருக்கறது குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு ஊரோட நினைவை எடுத்துட்டு வந்து நம்ம வீட்டு அலங்காரமா வைக்கறது சரியே இல்ல. ஊர்ல எங்கயாவது அப்படிக் கல்லு கிடக்கறதைப் பாத்தா தாசில்தார் ஆபீஸ்லயோ தொல்லியல் துறையிலயோ சொல்லுங்க.

சிற்பிகிட்ட போறது

மாமல்லபுரத்துக்கு 2015ல உலகக் கைவினை அமைப்பு கல்சிற்ப நகரம்னு அங்கீகாரம் குடுத்தது, 2017ல மாமல்லபுரம் கல்சிற்பத்துக்கு புவிசார் குறியீடும் கிடைச்சது. 1957ல பயிற்சி மையமா தொடங்கின அரசு சிற்பக் கல்லூரியும் அங்கதான் இருக்கு, நிறைய பட்டறைக்காரங்க அதுல படிச்சவங்க. கொங்குப் பக்கம் இருக்கறவங்களுக்கு திருப்பூர் பக்கத்துல திருமுருகன்பூண்டி இருக்கு. ரோட்டோரக் கடையில நிக்காம கொஞ்சம் உள்ள, உளிச் சத்தம் கேக்கற பட்டறைக்குப் போங்க. காலையில போனா பேச நேரம் இருக்கும்.

போனதும் விலை கேக்காதீங்க. அளவு எழுதின பேப்பர், பலகையோட போட்டோ, முடிஞ்சா நீங்க அதிகமா வெச்சிருக்கற சைஸ் புத்தகம் ஒண்ணு கையில எடுத்துட்டுப் போங்க. புத்தகத்தைக் கல்லு பக்கத்துல நிறுத்திக் காட்டினா அரை மணி நேரப் பேச்சு மிச்சம். "அண்ணே, இந்தப் பக்கம் மட்டமா வேணும், இந்தப் பக்கம் உங்க இஷ்டம்"னு சொல்லிட்டு அவர் என்ன சொல்றார்னு கேளுங்க. நல்ல சிற்பி உடனே சரி சரின்னு தலையாட்ட மாட்டார். வீணையோட தண்டு தனியா நீட்டிட்டு நின்னா உடைஞ்சிடும், பின்னாடி கல்லு விட்டுக் குடுக்கறேன், இந்த விரல் பிரிய வேண்டாம், சேத்து வெப்போம்னு பேரம் பேசுவார். அப்படிப் பேசறவர்கிட்ட வேலையைக் குடுங்க. தெய்வ உருவம்னா தால அளவு, அதாவது சிலையோட உடம்பைப் பங்கு பிரிச்சு அளக்கற முறை பத்திக் கேட்டுப் பாருங்க, அதுல உத்தம தசதாலம்ங்கற வகையில மொத்த உயரத்தை 124 பங்கா பிரிச்சு முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவுன்னு அவர் விரல் விட்டுச் சொல்லறதைக் கேக்கறதே ஒரு அனுபவம்.

விலை கல்லோட சைஸை விட வேலை நாளைப் பொறுத்ததுதான். அதனால பெருசு, சின்னதுன்னு பாக்காம எத்தனை நாள் வேலைன்னு கேட்டா கணக்கு புரியும், உளி முனையைத் திரும்பத் திரும்ப உலையில காய்ச்சித் தட்டற நேரமும் அதுல சேர்த்திதான். ரொம்ப அடிச்சுப் பேசி விலையைக் குறைச்சா நுணுக்கத்துலதான் கை வைப்பாங்க, அதுக்கு பதிலா வேலைப்பாட்டைக் குறைச்சுக்கோங்க, எளிமையான வடிவம் நல்ல கையால செஞ்சா அதோட கம்பீரமே தனி.

பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் வெச்சுக்க வேண்டியது: கல்லு வகை, மூணு அளவும், எந்தப் பக்கம் பாலிஷ், எந்தப் பக்கம் உளி வேலை, அட்வான்ஸ் எவ்வளவு, எப்ப முடியும், பேக்கிங் யார் பொறுப்பு. இதோட கண்டிப்பா சேக்க வேண்டியது, கடைசியில எண்ணெய் பூசக் கூடாது. சிலை முடிஞ்சதும் கருப்பு கூடறதுக்காக எண்ணெய் தடவறது பழக்கம், கோயிலுக்கு அது சரி, புத்தகத்துக்குப் பக்கத்துல வைக்கற கல்லுல அந்த எண்ணெய் மாசக்கணக்கா கசிஞ்சு அட்டையில இறங்கும்.

வேலை நடக்கறப்ப ரெண்டு தடவை போய்ப் பாருங்க. கல்லுல செங்காவியால கோடு போட்டப்ப ஒரு தடவை, இந்தக் கட்டத்துல எதை மாத்தணும்னாலும் செலவில்ல. உருவம் பாதி வெளிய வந்தப்புறம், முகம் முடிக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை. அங்க இருக்கறப்ப தூசியைக் கவனிங்க. கருங்கல்லுத் தூசியில இருக்கற சிலிக்கா நுரையீரல்ல படிஞ்சா சிலிக்கோசிஸ் வரும், வந்தா குணமாகாது, அதிலயும் கிரைண்டர்ல உலர் வெட்டு வெட்டறப்ப கிளம்பற புகை ரொம்ப மோசம். தண்ணி விட்டு வெட்டுங்க, மாஸ்க் போட்டுக்கோங்க, அதனால ரெண்டு நாள் தாமதமானாலும் பரவாயில்லைன்னு நீங்களே சொல்லுங்க. ஆர்டர் குடுக்கறவங்க அவசரப்படாம இருந்தா அது அவங்களுக்குப் பெரிய உதவி. நீங்களே மாக்கல்லுல செதுக்கிப் பழகணும்னு நினைச்சாலும் இதே பேச்சுதான், சில இடத்து மாக்கல்லுல ஆஸ்பெஸ்டாஸ் இழை கலந்திருக்கும், ஈரமா வெச்சு வெளியில உக்காந்து செய்யுங்க, வீட்டுக்குள்ள அரம் போட்டுத் தேய்க்காதீங்க.

ரெடிமேடா வாங்கறவங்களுக்கு

கல்லுத்தூளும் ரெசினும் கலந்து அச்சுல ஊத்தினதை கைவேலைன்னு விக்கறது நிறைய இருக்கு. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க, சின்னச் சின்னக் காத்துக் குமிழி ஓட்டையோ, பக்கவாட்டுல அச்சு சேர்ற கோடோ இருந்தா அச்சுல ஊத்தினது. கையில எடுத்தா கல்லோட அந்தச் சில்லிப்பு இருக்காது. உறுதியா தெரியணும்னா எடை போட்டுட்டு, விளிம்பு வரைக்கும் தண்ணி நிரப்பின வாளியில முழுசா முக்கி, வழிஞ்ச தண்ணியை அளங்க. 1 லிட்டர் வழிஞ்சா கருங்கல்லு 2.6லிருந்து 2.8 கிலோ இருக்கணும், கருப்புக் கல்லுன்னா 3 கிட்ட, 2 கிலோ பக்கத்துல நின்னா அது கல்லு இல்ல.

கருப்புச் சாயம் ஏத்தின கல்லைக் கண்டுபிடிக்க நெயில் பாலிஷ் ரிமூவர் வெள்ளைத் துணியில நனைச்சு அடிப்பக்கம் தேய்ங்க, துணி கருத்தா சாயம். மெஷின்ல செதுக்கினதுல குழிவான இடத்துல ஒரே இடைவெளியில இணையான வரி ஓடும், ஜோடி ரெண்டும் மச்சம் கூட மாறாம ஒண்ணு போல இருக்கும். மெஷின் வேலை மோசம்னு சொல்ல வரல, அதுக்கு கைவேலை விலை குடுக்க வேண்டாம்.

வீட்டுக்குக் கொண்டு வந்தப்புறம்

தூக்கறப்ப கை, தும்பிக்கை, கிரீடம் எதையும் பிடிக்காதீங்க, அடியில கை குடுங்க. கார்ல டிக்கியில நிமிர்த்தி வைக்காம, பழைய மெத்தையில படுக்க வெச்சு ரெண்டு பக்கமும் அண்டை குடுங்க.

வைக்கறதுக்கு முன்னாடி ஈரத்துணியால துடைச்சு ரெண்டு மூணு நாள் காத்தாட விடுங்க, பட்டறைத் தூசியும் தண்ணியும் நுண்துளையில தங்கியிருக்கும். அடியில 2 மி.மீ. கார்க் ஷீட் வெட்டி ஒட்டுங்க, வழுக்காது, பலகையும் கீறாது. ரப்பர் பிடிப்பு அதிகம்தான், ஆனா வெள்ளை லேமினேட்ல மஞ்சக் கறை விடும். புத்தகம் தொடற பக்கத்துக்கு சாயம் போகாத ஃபெல்ட் துணி ஒட்டிடுங்க, மழைக்காலத்துல குளிர்ந்த கல்லு மேல ஈரம் பூத்தா அது நேரா அட்டைக்குப் போகாது.

ஏசி ரூம்னா இது இன்னும் முக்கியம். ஏசி நிறுத்திட்டு ஜன்னலைத் திறக்கறப்ப கல்லு மட்டும் ரொம்ப நேரம் சில்லுனு இருக்கும், வெளிய இருந்து வர்ற ஈரக்காத்து அது மேலதான் முதல்ல வேர்க்கும்.

குழந்தைங்க இருந்தா அவங்க தலைக்கு மேல போற உயரத்துல கனமான கல்லு எதுவும் பிடிப்பு இல்லாம இருக்கக் கூடாது. புத்தகத்தை இழுக்கறப்ப தாங்கியும் சேர்ந்து வரும். கனமானது எல்லாம் கீழ்த்தட்டு, மேல்தட்டுக்கு லேசான புத்தகம் மட்டும்.

வெளிச்சத்தைப் பத்தி யாரும் யோசிக்கறதில்ல, ஆனா சிற்பம் தெரியறதும் தெரியாம போறதும் அதுலதான் இருக்கு. அர்ச்சுனன் தபசு கிழக்கு பாத்த பாறை, காலை வெயில்ல பாத்தவங்களுக்குத் தெரியும் உருவம் எல்லாம் எப்படி எழுந்து வரும்னு. வீட்டுலயும் நேர் முன்னாடி இருந்து லைட் அடிச்சா புடைப்பு எல்லாம் தட்டையா போயிடும். மேல இருந்தோ ஒரு பக்கத்துல இருந்தோ சாய்வா, 3000 கெல்வின் அளவு மஞ்சள் எல்இடி ஒண்ணு போதும். ஜன்னல் வெயில் கல்லுக்கு அழகுதான், பக்கத்துல இருக்கற புத்தக முதுகு வெளுத்துடும், அதனால அந்த ஆசை வேண்டாம்.

பராமரிப்பு

வாரம் ஒரு தடவை காஞ்ச பெயின்ட் பிரஷ்ஷால தூசி தட்டுங்க, ஈரத்துணி போட்டா மடிப்புக்குள்ள தூசி சேறாகி உக்காந்துடும். வருஷத்துல ஒண்ணு ரெண்டு தடவை அலமாரியில இருந்து வெளிய எடுத்து, வெறும் தண்ணியும் மிருதுவான டூத் பிரஷ்ஷும் போட்டு கழுவி, முழுசா காஞ்சப்புறம் திருப்பி வைங்க. ஃபெல்ட், கார்க் ஒட்டியிருக்கற பக்கத்துல மட்டும் தண்ணி படாம பாத்துக்கோங்க. வினிகர், எலுமிச்சை, பாத்ரூம் ஆசிட் எதுவும் பக்கத்துல வரக் கூடாது, தேங்காய் எண்ணெய் தடவி மினுக்கறதும் கூடாது. கருங்கல்லுல காபியோ எண்ணெயோ சிந்திக் கறை இறங்கிட்டா தேய்க்காதீங்க, சோடா உப்பைத் தண்ணி விட்டுக் கெட்டியா குழைச்சு கறை மேல அரை விரக்கடை கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி ஒரு நாள் விட்டுட்டு, அப்புறம் தாளை எடுத்து மெதுவா காய விடுங்க, காயறப்ப அது கறையை மேல இழுத்துக்கும், ஒரு தடவையில போகலைன்னா இன்னொரு தடவை அப்புங்க.